ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்? மொரிசியஸில் ஒருநாள் பயணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவு நாள் நெருங்கினால் போதும், "எங்கே போகலாம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து வருஷக்கணக்காகியும் கடற்கரையைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள், எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். கடற்கரைகளும் ஓட்டல்களும் இதில் வராது, அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய, கொஞ்சம் விசித்திரமான இடங்களும் நம் ஊர்த் திருவிழாக்களும் மட்டும். நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், "பக்கம்", "தூரம்" என்று சொல்வதெல்லாம் அங்கிருந்துதான்.

தீவே சின்னது. பார்த்ததையே எத்தனை தடவை பார்ப்பது?

நீளவாக்கில் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் சுமார் 45. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இரண்டு மணி நேரம் கூட ஆகாது. அதனாலேயே "எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று சொல்லிச் சொல்லிப் போகாமலே இருந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் விருந்தாளி வந்த அன்றைக்கு சமரேல், கிராண்ட் பாசின், கிரி-கிரி, மஹேபூர் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்து எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறோம்.

நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்குத் தீவின் ஒரு மூலை போதும். அந்த மூலையில் முக்கியமான ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு, நடுவில் உட்கார்ந்து ஒரு நல்ல சாப்பாடு. அப்புறம் எந்தக் கிழமை, எந்த மாசம், எத்தனை மணி என்று பார்த்துக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை மஹேபூரும் வியாழக்கிழமை மஹேபூரும் ஒரே ஊர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்கிறோம் என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தவறான கிழமையில் போனவர்கள்.

முதல் பயணத்துக்கு எதைச் சொல்வீர்கள்?

மஹேபூர், திங்கட்கிழமை, காலை 8 மணிக்குள். யோசிக்கவே வேண்டாம்.

திங்கட்கிழமை அங்கே சந்தை. கடலோரத்தில், பஸ் நிலையத்தை ஒட்டி, காய்கறி, துணி, பிளாஸ்டிக் சாமான், பழம், ஊறுகாய் என்று பரந்து கிடக்கும். காத்தோ பிமா வாங்கிச் சாப்பிடுங்கள், நம் பருப்பு வடைதான், அளவில் சின்னது. ரொட்டியைக் கீறி வெண்ணெய் தடவி அதில் நாலைந்தை வைத்து அமுக்கித் தருவார்கள், காலைச் சாப்பாடு முடிந்துவிடும். அங்கிருந்து கடலோரமாகவே நடந்தால் விநாயகர் சீதளாம்மன் கோவில். கோபுரத்தின் வண்ணங்களும் பின்னால் தெரியும் கடல்நீலமும் சேர்ந்து நிற்கும் அந்தக் காட்சிக்காகவே காலை வெயிலில் போக வேண்டும்.

பிறகு காவெண்டிஷ் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மரவள்ளிக் கிழங்கு பிஸ்கட் செய்யும் பழைய தொழிற்சாலை. ரோ குடும்பம் 1870-இல் தொடங்கியது, அதே குடும்பத்தின் வாரிசுகள் இன்னும் நடத்துகிறார்கள். கிழங்கைத் தோல் சீவித் துருவி, சாறு போகப் பிழிந்து, உதிர்த்துச் சலித்த மாவைச் சூடான தட்டின்மேல் இருக்கும் சின்னச் சின்ன அச்சுகளில் போட்டு அமுக்குகிறார்கள். அடுப்புக்கு எரிபொருள் காய்ந்த கரும்புச் சோகை. அதைக் கைப்பிடியாகத் தள்ளிவிட்டதும் குப்பென்று தீ ஏறி உடனே அடங்கும், அதற்குள் பிஸ்கட் ஒரு பக்கம் வெந்துவிடும், கை சுடாமல் லாவகமாகத் திருப்பிப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கோதுமை மாவு ஒரு துளியும் கிடையாது. தேங்காய், பட்டை, கஸ்டர்ட் என்று சில சுவைகள் உண்டு. சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பு, ஆறிய பிறகு கெட்டி, அதைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட வேண்டும். என் ஓட்டு தேங்காய்க்கு. வேலை நடக்கும்போது போனால்தான் பார்க்க முடியும், மத்தியானத்துக்கு மேல் போவதில் அர்த்தமில்லை. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் அந்தக் கடல்பரப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயக் கப்பல்களைத் தோற்கடித்த கிராண்ட் போர்ட் சண்டை நடந்தது இங்கேதான். பாரிஸில் இருக்கும் வெற்றி வளைவில் அந்தப் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே வருஷம் நவம்பர் கடைசியில் ஆங்கிலேயர்கள் வடக்கே இறங்கி, டிசம்பரில் தீவையே பிடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை லீவு கிடைக்காதே?

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் ஃப்ளாக் போங்கள். புதனும் ஞாயிறும் அங்கே சந்தை, தீவின் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் அதற்குத்தான் முதலிடம். சந்தையை முடித்துவிட்டுக் கடலோரம் வந்தால் போஸ்ட் தெ ஃப்ளாக் பக்கம் தண்ணீருக்கு நடுவே சாகர் சிவன் கோவில், கரையிலிருந்து நடந்தே போகலாம். வடக்கே கொஞ்சம் தள்ளி பூத்ர் தோரில் 1744-இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் நினைவுச்சின்னம் இருக்கிறது. சின்ன ஊர், மீனவர் படகுகள், அவ்வளவுதான், ஆனால் மாலையில் நன்றாக இருக்கும்.

சமரேலில் ஏழு வண்ண மண் நிஜமாகவே ஏழு வண்ணமா? படத்தில் மட்டும்தானா?

நிஜம்தான், ஆனால் நேரம் முக்கியம். மேகம் மூடிய மத்தியானத்தில் போய்விட்டு "வெறும் செம்மண் மேடு" என்று சொல்பவர்கள் நிறைய. காலை வெயில் சாய்வாக விழும்போது சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மழையில் ஊறி ஊறிக் களிமண்ணாக மாறியிருக்கிறது, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போய் இரும்பும் அலுமினியமும் மிஞ்சியதால் இந்த வண்ணங்கள். மண்மேட்டின்மேல் கால் வைக்க அனுமதி கிடையாது, சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், அதுவும் சரிதான். உள்ளே ராட்சத ஆமைகளும் இருக்கின்றன. அதே வழியில் அருவி, மேலே நின்று எட்டிப் பார்க்க மேடை கட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் கூட வந்தால் மண்ணைவிட அவர்களுக்குப் பிடிப்பது அருகிலேயே இருக்கும் கண்கட்டு வித்தைக் கூடம்தான், கியூரியஸ் கார்னர் என்று பெயர். தலைகீழாக அமைத்த அறை, வழி தெரியாமல் சுற்றவைக்கும் கண்ணாடிப் புதிர்ப்பாதை. பெரியவர்களும் முட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

சமரேலில் காப்பி விளைகிறது, உள்ளூர் காப்பியை அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது மேட்டு வழியாக வராமல் பே தியூ காப் பக்கம் இறங்கிக் கடலோரமாக வந்தால் மக்கோந்தே வளைவு வரும். சாலை பாறையைச் சுற்றிக்கொண்டு கடலை முட்டித் திரும்பும் இடம் அது, படி ஏறி மேலே நின்றால் கடற்பாறைத் திட்டு முழுக்கத் தெரியும். வளைவிலேயே வண்டியை நிறுத்தி விடாதீர்கள், எதிரே பஸ் வருவது தெரியாது.

23 வண்ண மண் என்று ஷமுனி பக்கம் இன்னொரு இடமும் இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும், நான் சமரேலையே சொல்வேன்.

சீனக் கொய்யா பறிக்க எப்போது போக வேண்டும்?

ஏப்ரல், மே. ப்ளேன் ஷாம்பாஞ் சாலையில், அதாவது கிராண்ட் பாசினுக்கும் சமரேலுக்கும் நடுவே இருக்கும் காட்டுப்பகுதியில், சாலை ஓரமாக வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே சீசன் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். வாளி, பழைய சட்டை, முழுக்கால் பேண்ட், மழை பெய்தால் போட்டுக்கொள்ள ஒரு கோட். பழம் நெல்லிக்காய் அளவுதான், கருஞ்சிவப்பாக இருப்பதைப் பறியுங்கள், பச்சையும் சிவப்புமாக இருப்பது புளிப்பாக இருக்கும், அதுவும் உப்பும் மிளகாயும் போட்டால் தனி ருசி. பறிப்பதற்கு நேரமில்லாதவர்களுக்குப் பொட்டலம் கட்டி சாலையோரத்திலேயே விற்பார்கள்.

காட்டில் பழம் பறிப்பது தப்பில்லையா என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். இந்தச் செடி நம் தீவுடையது அல்ல, வெளியிலிருந்து வந்து உள்நாட்டு மரங்களை மூச்சு முட்ட வைத்துக்கொண்டிருக்கிறது, அதன் பழத்தைப் பறிப்பதால் காட்டுக்கு நஷ்டமில்லை. கிளையை ஒடித்து வழியில் போடாமலும் பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு வராமலும் இருந்தால் போதும். தடத்தை விட்டு ரொம்ப உள்ளே போகாதீர்கள், பனி இறங்கினால் எல்லாப் புதரும் ஒரே மாதிரி தெரியும். குரங்குகள் இருக்கும், தின்னக் கொடுக்க வேண்டாம்.

தெற்குக் கடற்கரை ஆபத்தானதா?

குளிக்க ஆபத்தானது, பார்க்க இல்லை. தீவைச் சுற்றிப் பவளத்திட்டு வேலி இருப்பதால்தான் மற்ற இடங்களில் கடல் அமைதியாக இருக்கிறது. சூயாக் பக்கம் அந்த வேலி அறுபட்டிருக்கிறது, அதனால் இந்துமாக்கடல் நேராக வந்து கருங்கல் பாறையில் மோதுகிறது. கிரி-கிரியில் புல்வெளி ஓரம் நின்று அதைப் பார்க்கலாம். அங்கிருந்து பாறை ஓரமாக நடந்தால் "அழும் பாறை", அலை அடித்துத் திரும்பும்போதெல்லாம் முகம் வழியாகக் கண்ணீர் இறங்குவதுபோல நீர் வழியும். சூயாக்கில் வாழ்ந்து 1954-இல் காலமான கவிஞர் ராபர்ட் எட்வர்ட் ஹார்ட்டின் முகச்சாயல் அந்தப் பாறையில் தெரிகிறது என்பார்கள். அவர் வீடு அருகிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது, பவளக்கல்லால் கட்டிய சின்ன வீடு.

போன் நாதுரெல் என்று சொல்லும் இயற்கைப் பாலத்துக்குக் கரும்புக் காட்டுக்குள் மண்பாதையில் போக வேண்டும். மழைக்கு மறுநாள் சின்ன காரில் போகாதீர்கள். பாலத்தின்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், பெரிய அலை ஒன்று வந்தால் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

கிளம்பிய பிறகு மழை பிடித்துக்கொண்டால்?

முதலில், மேட்டு நகரமான கியூர்பிப்பில் மழை என்றால் தீவு முழுக்க மழை என்று நினைத்துத் திரும்பாதீர்கள். மேட்டில் கொட்டும்போதே வடக்கிலும் மேற்கிலும் வெயில் அடிக்கும். நிஜமாகவே எங்கும் மழை என்றால் கூரைக்கு அடியில் பார்க்க வேண்டியவை இருக்கவே இருக்கின்றன.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டிய கோடான் கடைவளாகத்தில் இருக்கும் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1847-இல் இங்கே அச்சடித்த ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தபால்தலைகள் இரண்டு, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கவர்னரின் மனைவி லேடி கோம் நடன விருந்துக்கு அனுப்பிய அழைப்பிதழ்களில் ஒட்டியவை அந்த வரிசைத் தபால்தலைகள், இன்றைக்கு உலகத்தில் மிக விலை உயர்ந்தவற்றில் சேரும். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் அசல் தலைகளுக்கு எப்போதும் விளக்கு எரியாது. ஒவ்வொரு மணி நேரத்திலும் அரை மணியை ஒட்டிப் பத்து நிமிடம் மட்டும் போடுவார்கள், மற்ற நேரமெல்லாம் நகலைத்தான் பார்க்கலாம். அதனால் 10.15-க்கு உள்ளே போய் மற்ற அறைகளைச் சுற்றிவிட்டு அங்கே வந்து நில்லுங்கள். அந்த இருட்டில் மெல்ல விளக்கு வரும்போது பிள்ளைகள் கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஞாயிறு மூடியிருக்கும்.

பாம்ப்ளமூஸ் பக்கம் போ பிளானில் 1999-இல் மூடிய சர்க்கரை ஆலையை 2002-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். பழைய இயந்திரங்களுக்கு நடுவே நடந்து, கடைசியில் பல வகை சர்க்கரையைச் சின்னக் கரண்டியில் ருசி பார்க்கலாம். நம் முன்னோர் வெட்டிய கரும்பின் கதைதான் அது, ஒவ்வொரு பலகையையும் நின்று படிக்க வேண்டும், அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். மோக்காவில் யுரேகா என்ற பழைய மரவீடு, 109 கதவுகள் உள்ள வீடு என்று பெயர் பெற்றது. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், மழை நிற்கும்வரை நேரம் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளோடு போக வேறெது நல்லது?

ரிவியேர் தேஸாங்கி பக்கம் லா வனில். 1985-இல் முதலைப் பண்ணையாகத் தொடங்கியது, இப்போது பிள்ளைகளுக்கு அங்கே பிடித்தது ஆமைகள். அல்தாப்ரா ஆமைகள் கூட்டம் கூட்டமாகத் திறந்தவெளியில் நடமாடும், கழுத்தைத் தடவிக் கொடுத்தால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் ஈல் ஓ ஸேக்ரெத். மஹேபூருக்கு அருகே 26 ஹெக்டேரில் ஒரு குட்டித்தீவு, படகில் கூட்டிப் போய் வழிகாட்டியோடுதான் சுற்றிக் காட்டுவார்கள், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மனிதன் வருவதற்கு முன் கடலோரக் காடு எப்படி இருந்திருக்கும் என்பதை மீட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள், கருங்காலி மரங்கள் நிற்கின்றன. 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறா இன்றைக்கு அங்கே கிளையில் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். அழிந்துபோன டோடோ பறவையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம், போனது போனதுதான், ஆனால் போகவிடாமல் பிடித்து நிறுத்தியது இது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

பாம்ப்ளமூஸ் தோட்டத்தில் ராட்சத அல்லிக் குளம் எல்லாருக்கும் தெரியும். பூ முதல் நாள் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ் நிறமாகிவிடும், அதைக் கவனித்துப் பாருங்கள். பல பத்தாண்டு வளர்ந்து ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும் தாளிப்பனையும் அங்கே உண்டு. உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம், வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு.

தைப்பூசக் காவடியை எங்கே போய்ப் பார்ப்பது?

தீவெங்கும் நடக்கும், உங்கள் ஊர்க் கோவிலிலேயே இருக்கும். பொது விடுமுறை நாள் வேறு. ஆனால் ஒருமுறையாவது குவாத்ர் போர்ன் மலைக்கோவிலில் நிற்க வேண்டும். கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவில், எல்லாரும் கோவில் மோந்தாஞ் என்று சொல்வது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்தவர்கள் கீழேயிருந்து காவடியும் பால்குடமுமாக வெயிலில் நடந்து வந்து அந்தப் படிகளில் ஏறுவதைப் பார்க்கும்போது, அதுவரை ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் கூட "வேல் வேல்" சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நாக்கில் வேல், முதுகில் வரிசையாக ஊசி, ஊசி நுனியில் எலுமிச்சை. ஆணி அடித்த பாதரட்சையில் நடப்பவர்களும் உண்டு. தார் ரோடு சுடுகிறது என்று வீட்டு வாசலிலிருந்து பெண்கள் குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்த வீடுகள் எல்லாம் தமிழ் வீடுகள் இல்லை, கிரியோல் வீடும் முஸ்லிம் வீடும் இருக்கும். இந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். அன்று காலையிலிருந்து சைவம் சாப்பிட்டுப் போங்கள். காவடி வரும் வழிக்குக் குறுக்கே போகாதீர்கள், முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள், அலகு குத்தும் இடத்தில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சுற்றுத் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மெட்ரோவில் குவாத்ர் போர்னில் இறங்கி நடப்பது மேல், நடை கொஞ்சம் தூரம், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். ஜனவரி, பிப்ரவரி வெயில் லேசுப்பட்டதல்ல.

போர்ட் லூயிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு சேன்த் குருவாவில் கைலாசம் கோவில், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் என்பது முழுப்பெயர். கோபுரத்துக்கும் சிற்பத்துக்கும் காவடி இல்லாத சாதாரண நாளில் போய் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தீமிதியும் பல கோவில்களில் உண்டு, நாள் கோவிலுக்குக் கோவில் மாறும். கோவில் சங்கத்தில் கேட்பதுதான் ஒரே வழி.

ஏழு கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? ஓட்டலில் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கோவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. காவடி முடிந்த பிறகும், புரட்டாசியில் கோவிந்தன் விரதம் முடியும்போதும் போடுவார்கள். வாழை இலையில் சோறு, பூசணி, பலாக்காய், வாழைக்காய், கத்தரி, பீன்ஸ் என்று ஏழு கறி, ரசம், அப்பளம், வடை, பாயசம். பலாக்காய்க் கறியைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அது நன்றாக வந்திருந்தால் மற்ற ஆறும் நன்றாக இருக்கும். யாரும் உங்கள் பெயரோ மதமோ கேட்கப்போவதில்லை. கை கழுவி வரிசையில் உட்காருங்கள், இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள், எழுந்ததும் பரிமாற ஆள் குறைந்திருந்தால் ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மகா சிவராத்திரி சமயத்தில் கிராண்ட் பாசின் பக்கம் போகலாமா?

கும்பிடப் போவதென்றால் போங்கள், சுற்றிப் பார்ப்பதென்றால் வேறு வாரம் போங்கள். லட்சக்கணக்கில் ஜனங்கள் கன்வர் என்னும் அலங்கரித்த காவடி சுமந்து தீவின் எல்லா மூலையிலிருந்தும் நடந்து வருவார்கள், சாலைகளைத் திருப்பிவிட்டிருப்பார்கள். அந்த நாட்களில் இரவில் வண்டி ஓட்டுபவர்கள் ரொம்ப மெதுவாகப் போக வேண்டும், சாலை ஓரமெல்லாம் நடப்பவர்கள். வழி நெடுக ஜூஸும் சாப்பாடும் இலவசமாகக் கொடுக்கும் பந்தல்கள் இருக்கும், அங்கே ஒரு மணி நேரம் கை கொடுக்கப் போனாலே திருவிழாவைப் பார்த்த மாதிரிதான்.

மற்ற நாட்களில் அமைதியான இடம். கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் எரிமலைவாய் ஏரி, 1972-இல் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து கலந்த பிறகு கங்கா தலாவ் என்ற பெயர். நுழைவாயிலில் 33 மீட்டர் சிவன் சிலை. ஜூலை, ஆகஸ்டில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் புவா ஷெரி தேயிலைத் தோட்டம், ஏரி ஓரம் உட்கார்ந்து வனிலா டீ குடிக்கலாம்.

பெர் லவால் யாத்திரைக்கு நாமும் போகலாமா?

தாராளமாக. செப்டம்பர் 8 இரவு தொடங்கி 9 வரை, சேன்த் குருவாவில் இருக்கும் சமாதிக்குத் தீவெங்குமிருந்து நடந்து வருவார்கள். 1864 செப்டம்பர் 9-இல் காலமான பாதிரியார், விடுதலையான அடிமைகளுக்காக வாழ்ந்தவர். வருபவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைய. ரோஸ் ஹில்லிலிருந்து இரவு நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்வது சுலபம், பழகின செருப்பு போடுங்கள், புது ஷூ வேண்டாம்.

கார் இல்லையே?

பெரும்பாலான இடங்களுக்குப் பஸ் உண்டு, கடைசிப் பஸ் சீக்கிரம் போய்விடும் என்பதுதான் சிக்கல். கிராமத்துப் பக்கம் போனால் இறங்கும்போதே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் 2005-இலிருந்து பஸ் இலவசம், அதனால் பாட்டியைக் கூட்டிப் போகச் செலவு ஒரு சாக்கு இல்லை. போர்ட் லூயிஸுக்கு கார் இருந்தாலும் மெட்ரோதான். சமரேல், போன் நாதுரெல் இரண்டுக்கும் நாலு பேர் சேர்ந்து வண்டி எடுப்பது நல்லது.

வண்டி ஓட்டுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தியா மாதிரியே இடதுபக்கம். ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு அறுவடை, லாரிகள் மெதுவாகப் போகும், அவசரப்பட்டு முந்தாதீர்கள். கரும்பு உயரமாக நிற்கும் மாதங்களில் சந்திகளில் எதிரே வருவது தெரியாது. மலைப்பாதையில் பனி இருந்தால் பகலிலும் விளக்கு போடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், எச்சரிக்கை எண் ஏற ஆரம்பித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், மூன்றாம் எண் வந்துவிட்டால் யாரும் வெளியே இருக்கக்கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார், ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே கூட்டிப் போவது?

ஆப்ரவாசி காட். மெட்ரோவின் போர்ட் லூயிஸ் கடைசி நிறுத்தத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1834-இலிருந்து கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய இடம், 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். மிஞ்சியிருப்பது பெரிய கட்டடம் ஒன்றுமில்லை, சில சுவர்கள், பதினாறு கல்படிகள். விருந்தாளியை அந்தப் படி அருகே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள், விளக்கம் எல்லாம் அப்புறம். முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அட்லஸ் கப்பல் வந்த நவம்பர் 2 பொது விடுமுறை, அன்றைக்கு அங்கே நினைவு நிகழ்ச்சி நடக்கும்.

தமிழர்கள் அதற்கும் முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், கொத்தனாராகவும் தச்சராகவும் புதுச்சேரியிலிருந்து வந்து இந்த நகரத்தைக் கட்டியவர்கள் என்பதையும் சொல்லுங்கள், வருகிறவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம் மத்திய சந்தைக்குள் போய் தால் பூரியும் அலுடா என்னும் குளிர்ந்த பால் பானமும் வாங்கிக் கொடுங்கள். காசு கொடுக்கும்போது நூறு ரூபாய் நோட்டைக் காட்டுங்கள், அதில் மொரிசியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படமும் தமிழ் எழுத்தும் இருக்கும், இதுவரை கூட்டிப்போன எந்த விருந்தாளியும் அந்த நோட்டைச் செலவழிக்காமல் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள். மத்தியானம் ப்ளூ பென்னி, சாயங்காலம் கைலாசம் கோவில். ஒரு நாளுக்கு அது போதும்.

வண்டியில் என்னென்ன வைத்துக்கொள்வது?

தண்ணீர், குடை, மாற்று உடை, சில்லறை, ஒரு சாக்குப் பை. சந்தைக்குப் போகாவிட்டாலும் வழியில் யாராவது லிச்சியோ அன்னாசியோ விற்பார்கள். லிச்சி நவம்பர், டிசம்பரில் வரும், கொத்தோடு வாங்குங்கள், வீடு வரும்வரை வாடாது.